மருமகளுக்கு ஒரு பழைய கேமரா

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அக்கா மகள் பத்தாவது படிக்கிறாள். தனுஷ்கோடிப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகளைச் செல்போனில் எடுத்து எடுத்து அலுத்துவிட்டது அவளுக்கு. "பொங்கலுக்குத் துணி வேணாம் மாமா, கேமரா வாங்கித் தாங்க." புதுசுக்கு நான் எங்கே போக? பழசு பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன். மார்ச்சில் பரீட்சை. அக்காவிடம் முதல் திட்டு எனக்குத்தான்.

ஜனவரி 9, வியாழன்

பாம்பனிலேயே ஒருவரிடம் இருந்தது. ஒன்பதாயிரம். வெளியே பளபளவென்று இருந்தது. லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பார்த்தேன். கண்ணாடி ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. பேட்டரி மூடியைத் திறந்தால் தகட்டில் பச்சை பூத்திருக்கிறது. இரண்டு வருஷமாகத் தோல் பையோடு பீரோவுக்குள் கிடந்ததாம். நம்ம ஊர் உப்புக்காற்றுக்குக் கதவுக் கொண்டியே தாங்காது. "துடைச்சா போயிரும் தம்பி" என்றார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருப்பதை எதை விட்டுத் துடைக்க? வந்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ராமநாதபுரம், அரண்மனைப் பக்கம். கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர். புது ரக மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டதால் நிக்கான் டி3200-ஐ விற்கிறார். 2012-ல் வந்த மாடல், 24 மெகாபிக்சல், இவளுக்குத் தாராளம். கிட்டத்துக்கு 18-55, தூரத்துக்கு 55-200 என இரண்டு லென்ஸ். படத்துக்குப் படம் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்பது நிக்கானில் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். ஒரு படத்தைச் செல்லுக்கு மாற்றிப் பார்த்தேன்: 61 ஆயிரம் சொச்சம். கம்பெனி சோதித்தது ஒரு லட்சம் வரை. பரவாயில்லை.

பழைய 50 எம்எம் லென்ஸ் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். இந்தக் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அதைக் கையால்தான் திருக வேண்டும். வேண்டாம் என்றேன். டார்ச் சோதனையில் இரண்டு லென்ஸும் தேறின. உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்க்க, வாசலுக்கு வந்து வானத்தை ஒரு படம் எடுத்தேன். சுத்தம். பதினாலாயிரம் கேட்டவர் 12,500-க்கு இறங்கினார்.

ஜனவரி 14, பொங்கல்

ஈரம் படாமலிருக்க கேமராவை அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்கிறாள் அம்மா. அதைக் கெடுக்கத் தவிட்டுத் தூசி போதாதா? ரப்பர் வளையம் வைத்த டப்பாவும் நீலச் சிலிக்கா ஜெல்லும் வாங்கினேன். ஈரம் குடித்தால் அது ரோஸ் நிறமாகிவிடும். வெயிலில் காயவைத்தால் போதாது, சூடு காட்ட வேண்டும்.

அக்கா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

விடியற்காலையிலேயே கோதண்டராமர் கோயில் பக்கம் போய்விட்டோம். வாடைக்காற்று மணலை வாரி அடிக்கிறது. பூநாரைகள் தூரத்தில், முழங்கால் தண்ணீரில் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன. பெரிய லென்ஸை அங்கேயே நின்று மாட்டிக் கொடுத்தேன். நூறு படமாவது எடுத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், "மாமா, ஒரு நாரை மட்டும் எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல நிக்குது" என்றாள்.

இடது மேல் மூலையில் சாம்பல் நிறப் புள்ளி. படம் பதியும் சென்சாரில் தூசி. அன்று வானத்தை எஃப்/3.5-ல், அதாவது லென்ஸின் துளையை விரித்து வைத்து எடுத்திருந்தேன், துளை விரிந்திருந்தால் தூசி மங்கிக் கரைந்துவிடும். துளையைச் சுருக்கி எஃப்/16-ல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம், அந்த மணல்காற்றில் லென்ஸ் மாற்றியதும் நான்தான். விற்றவரைத் திட்டவும் வழியில்லை.

காற்றடிக்கும் ரப்பர் பந்து வாங்கும்வரை வாயால் ஊதிவிடாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

"அந்த நாரை விலையில சேத்தியா மாமா, சும்மாவா?" என்கிறாள்.