மதிலுக்கு ஒரு கொடி

லண்டன்ல இருக்கிற அக்கா க்ளெமாட்டிஸ் எண்ட பூக்கொடியின்ர படம் அனுப்பினதில இருந்து எனக்கு அதே ஆசைதான். ஆனா அது குளிர்காலத்தில உறங்கி எழும்புற கொடி, வேர் குளிர்ச்சியா இருக்கவேணும், வெள்ளவத்தை வெக்கைக்கு சரிவராது. அங்க கோடை முடிவில பூக்கிற வகையை பெப்ரவரி, மார்ச்ல நிலத்தில இருந்து 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவினம், வசந்தத்தில பூக்கிறதை பூத்து முடிஞ்சாப் பிறகுதான், முந்தி வெட்டினா அந்த வருசப் பூ போச்சு.

நான் வைச்சது ரங்கூன் மல்லி. பின்னேரம் வெள்ளையா விரிஞ்சு, அடுத்த நாள் ரோஸ், பிறகு சிவப்பு, ஒரே கொத்தில மூண்டு நிறமும் நிக்கும், வாசம் இரவில ரோட்டு வரைக்கும் போகும். புதுத் தளிர்லதான் பூக்கும், அதால பூத்து ஓய்ஞ்ச உடன துணிஞ்சு வெட்டுங்கோ, விட்டா பக்கத்து வீட்டுக் கூரையில ஏறிடும், எங்கட ஏறிட்டுது, அன்ரி ஒண்டும் சொல்லேல்ல எண்டாலும் எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு.

போகன்விலா தானா சுத்திப் பிடிக்காது, நாங்கதான் கம்பியில கட்டிவிடவேணும், இறுக்கிக் கட்டாதேங்கோ, தண்டு பருக்கேக்க வெட்டுப்படும். இளந்தண்டை படுக்க வளைச்சுக் கட்டினா கணுவுக்குக் கணு தளிர் வரும், நேரா மேல விட்டா உச்சியில மட்டும்தான் பூ.

வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா கார்த்திகைப்பூ வைக்காதேங்கோ, கிழங்கு கடும் நஞ்சு. சங்குப்பூ வையுங்கோ.