சராசரியில் மறையும் சுரங்கத் தூசி

குவாரியில் வெடி வைத்த ஒரு மணி நேரம், பக்கத்து ஊர்க் காற்றில் பிஎம்10 துகள் (10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் சிறிய தூசி) கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 23 மணி நேரமும் 20. கூட்டி வகுத்தால் நாள் சராசரி 44. உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்த நாள் அளவு 45. அறிக்கைப்படி எல்லாம் சரி. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்தால், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

விதியில் எழுதியிருக்கும் எண்ணைவிட, எதை, எங்கே, எவ்வளவு நேரத்துக்கு அளக்க வேண்டும் என்று அது சொல்வதே மக்களின் நுரையீரலைத் தீர்மானிக்கிறது. அளவுக் கருவி குவாரிக்குக் காற்று வரும் பக்கத்தில் நின்றால் ஊருக்குப் போகும் தூசி அதில் சிக்காது.

இன்னும் பெரிய ஓட்டை, எதை அளக்கிறோம் என்பதில். பிஎம்10 தூசியின் எடையைத்தான் சொல்லும். அது என்ன தூசி என்று சொல்லாது. கிரானைட், மணற்கல் உடைபடும் இடத்தில் அதில் படிகச் சிலிக்கா (குவார்ட்ஸ் போன்ற கனிமம்) இருக்கும். ஏறத்தாழ 4 மைக்ரானுக்குச் சிறிய துகள் காற்று நுண்ணறை வரை போய்த் தழும்பு உண்டாக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் குணமாகாது; காசநோய் அபாயத்தையும் கூட்டும். அமெரிக்காவில் 2016-இல் தொழிலாளருக்கு வகுத்த சிலிக்கா வரம்பு, 8 மணி நேர வேலைக்குக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் பொதுமக்களுக்குக் கலிபோர்னியா வைத்த அளவு வெறும் 3. வேலை முடிந்து போகிறவருக்கு இடைவெளி உண்டு, அங்கேயே தூங்கும் கைக்குழந்தைக்கு இல்லை. தொழிலிட வரம்பைக் காட்டி ஊருக்கு ஆபத்தில்லை என்பது பெரிய தவறு.

லாரிச் சாலையில் தண்ணீர் தெளிப்பது அவசியம்தான். ஆனால் காய்ந்ததும் அதே மண்ணை டயர்கள் இன்னும் பொடியாக அரைத்துவிடும். துளையிடும்போதே நீர் பாய்ச்சுவதும், கிரஷரில் கல் விழும் இடங்களை மூடுவதும், லாரிக்குத் தார்ப்பாய் போடுவதும் தூசியைக் கிளம்பும் இடத்திலேயே பிடிக்கும்.

கண்காணிப்பு அறிக்கை கேட்பவர்கள் மாதச் சராசரியோடு நின்றுவிடாதீர்கள். மணிவாரி அளவு, வெடி வைத்த நேரம், காற்றின் திசை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சிலிக்கா ஆய்வும் வேண்டும். அதற்கு மாதிரியைப் பிவிசி வடிகட்டியில் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இழை வடிகட்டியே சிலிக்காவால் ஆனது.