அழிக்கச் சொன்ன தொண்ணூறாயிரம்

தொண்ணூறாயிரம் என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதுவது மொரீசியஸ் தீவில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லேசான காரியம் இல்லை. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, மற்ற பாடங்களில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் என் வகுப்பில் மட்டும்தான். எந்த 'ண', எந்த 'று' என்று தடுமாறுவார்கள். 2024இல் ஒரு நாள், ஒரு சிறுமி யாரையும் கேட்காமல் அதைச் சரியாக எழுதியிருந்தாள். அதை அழிக்கச் சொன்னேன்.

அன்றைய பாடம் எண்ணுப்பெயர்கள். வெறும் எண்களை எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும் என்பதால் எப்போதும் பணத்தில்தான் தொடங்குவேன். நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இருப்பதைப் பலர் அப்போதுதான் உற்றுப் பார்ப்பார்கள். 1998இல் வந்த புதிய தாள்களில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் எதிர்த்து நின்றதையும், அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்டதையும் சொல்வேன். அப்போது நான் பள்ளி மாணவி. நூறு ரூபாய்த் தாளை உயர்த்திக் காட்டி, இதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழர், வழக்கறிஞர், படித்ததால்தான் இதில் இருக்கிறார் என்பேன்.

அப்புறம் பலகையில் ஓர் ஏணி வரைவேன். கீழ்ப்படியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அதற்கு மேல் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் எஸ்.சி. தேர்வு, பள்ளியின் கடைசித் தேர்வான எச்.எஸ்.சி., உச்சியில் பட்டம். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு மாதச் சம்பளம். கீழ்ப்படிக்கு அந்த ஜனவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியத்தை எழுதினேன்: 16,500 ரூபாய். "உங்களுக்குத் தெரிந்த ஒருவர் எந்தப் படியில் இருக்கிறார், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று தமிழில் எழுதுங்கள்" என்றேன்.

அவள் எழுதியது: என் அம்மா. முதல் படி. தொண்ணூறாயிரம்.

அவள் அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிப் பெட்டி வைத்து டால்பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, விற்பவர். நானே அங்கே வாங்கியிருக்கிறேன்.

"இது தப்பு. முதல் படிக்கு எவ்வளவுன்னு பலகையைப் பார்."

"மமாவுக்கு இவ்வளவு வரும் மிஸ். ராத்திரி நான்தான் எண்ணித் தருவேன்."

"அது வியாபாரம். நாம சம்பளத்தைப் பத்திப் பேசறோம். அழிச்சிட்டு எழுது."

அழித்தாள். பதினாறாயிரத்து ஐநூறு என்று எழுதினாள். ஐந்நூறில் ஒரு 'ந்' குறைந்திருந்தது. சிவப்பு மையால் அதைச் சேர்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். அவள் அழவில்லை, முகம் வாடவும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று வாக்கியங்களை நான் எத்தனை தடவை மனதுக்குள் திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

நான் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவள் எண்ணியது விற்ற காசு, கையில் நிற்கும் காசு இல்லை. பருப்பு, மாவு, எண்ணெய், காஸ், கூட நின்று உருட்டிக் கொடுப்பவருக்குக் கூலி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? பாதி மிஞ்சலாம், அதுவும் இல்லாமல் போகலாம். வரவும் லாபமும் ஒன்றல்ல என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

தெரிய வேண்டும்தான். ஆனால் அதை நான் சொல்லவில்லையே. தப்பு என்றேன், அழி என்றேன். தொண்ணூறாயிரத்தைப் பலகையில் எழுதி, செலவுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டியிருந்தால் அந்த வகுப்பு முழுவதற்கும் ஆண்டின் மிக நல்ல பாடம் அதுவாக இருந்திருக்கும். மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. நேரமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

பட்டத்துக்கு எதிரே நான் எழுதியிருந்த தொகை என் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். தொண்ணூறாயிரம் அதைவிடப் பெரிது. அதனால்தான் அவசரப்பட்டேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். சில இரவுகளில் ஆம் என்றும் தோன்றுகிறது.

அந்த ஏணியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. 1977இல் இடைநிலைக் கல்வி இலவசமானபோது என் அம்மா கரும்புத் தோட்டத்தில் வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டணம் கட்ட வழியில்லாமல் ஆறாம் வகுப்போடு நின்றவர். நான் காசு கட்டாமல் படித்தேன், பட்டம் வாங்கினேன், எங்கள் வீட்டுத் தகரக் கூரை கான்கிரீட் ஆனது. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டமும் இலவசம். இவ்வளவையும் கண்ணால் பார்த்தவள், படித்தால் உயரலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் என்னிடம் படித்துப் பட்டமும் வாங்கிய ஒருவன் எபேன் என்ற அலுவலக நகரில் இரவு முழுக்கத் தொலைபேசியில் பிரான்சுக்காரர்களின் புகார் கேட்கிறான். எச்.எஸ்.சி. தேறாத அவன் வகுப்புத் தோழன் உல்லாசக் கப்பலில் வேலை செய்து வீடு கட்டிவிட்டான். இவர்களை எந்தப் படியில் எழுதுவது? பொதுவாகப் பார்த்தால் ஏணி உண்மைதான், ஒவ்வொருவராக எடுத்தால் அது ஆடுகிறது.

பெலால் புயல் வந்ததும் அதே ஜனவரியில்தான். பள்ளி மூடியிருந்த நாட்களுக்கும் எனக்குச் சம்பளம் வந்தது. கண்ணாடிப் பெட்டி வெளியே வராத நாளில் அந்த வீட்டுக்குக் காசு வராது. எனக்கு மருத்துவ விடுப்பு உண்டு, டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பருப்பு வேகவைக்கும் வேலை இல்லை. படிப்பு எனக்குக் கொடுத்தது இதைத்தான். தொகையை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருக்கலாம். பதினோரு வயதுப் பிள்ளைக்குப் புரியுமா என்றால், அம்மாவோடு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிற பிள்ளைக்கு என்னைவிட நன்றாகவே புரியும்.

பள்ளித் தவணை முடிவில் ஒரு மாலை அந்தப் பெட்டியின் முன் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிரியோலில் பேசத் தொடங்கினார்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் மிஸ். படிக்கலேன்னா பதினாறாயிரம்தான்னு மிஸ் சொன்னாங்கன்னு வந்து சொன்னா. அன்னிலேர்ந்து ஒழுங்கா உக்காந்து படிக்கிறா. முன்னெல்லாம் ராத்திரி காசு எண்ண எங்கூட வந்து உக்காருவா. இப்ப வர்றதே இல்ல. நல்லது. நான் ஆறாம் வகுப்பு சி.பி.இ. பரீட்சையில ரெண்டு தடவை பெயில். அவளாவது என்னை மாதிரி ஆகக் கூடாது."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் நினைத்து வந்தது வேறு. உங்கள் மகள் எழுதியது தப்பில்லை, அதை உட்கார்ந்து கழித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. பிள்ளை படிக்கிறாளே, அதைப் போய் ஏன் கலைக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், என் வகுப்பில் இல்லை.

ஒரு ஜோடி டால்பூரி கேட்டேன். கறியும் சட்னியும் தடவி, சுருட்டித் தாளில் வைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். நான் விடாமல் நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். அடுத்தவருக்குப் பூரியைப் பிரித்துக்கொண்டே, டப்பாவுக்குள் கையை விட்டு, பார்க்காமலே மீதியை எடுத்துக் கொடுத்தார். பேருந்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.