ஆன்லைன் ஆராய்ச்சி குழுவுக்கு நடத்தை விதி எழுதினோம்: டிராஃப்ட்ல இருந்து முதல் புகார் வரைக்கும்

ஒரே துறையில வேலை பாக்குற நாங்க கொஞ்சம் பேர் சேர்ந்து ஆன்லைன்லயே ஒரு குழு நடத்துறோம். வாரா வாரம் வீடியோவுல செமினார் நடக்கும், யாராவது பாதி முடிஞ்ச ரிசல்ட்டக் காட்டி மத்தவங்ககிட்ட கருத்து கேப்பாங்க, ஜர்னலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் பேப்பர இன்னொருத்தர் படிச்சுப் பாப்பாங்க. பிஎச்டி சேந்து ரெண்டு மாசம் ஆனவங்கள்ல இருந்து ரிட்டயர் ஆன ப்ரொஃபஸர் வரைக்கும் உள்ள இருக்காங்க, பல நாடு, பல டைம் ஜோன். இந்தக் குழுவுக்கு நடத்தை விதி எழுதி, ஓட்டுக்கு விட்டு, அதுக்கப்புறம் வந்த முதல் பெரிய புகாரையும் விசாரிச்சு முடிச்ச கமிட்டில நானும் இருந்தேன். இதே வேலைய இப்ப ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதனாலதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன், என்னென்ன செய்யக்கூடாதுன்னு பட்டியல் போடுறது ஒரு வாரத்துல முடிஞ்சிரும். குழுவுலயே பெரிய ஆள் மேல புகார் வந்தா யார் விசாரிப்பாங்க, யார் முடிவெடுப்பாங்க, இது ரெண்டையும் எழுதி வைக்கலன்னா மத்ததெல்லாம் எவ்ளோ அழகா எழுதியிருந்தாலும் சின்னவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதுக்கு முன்னாடி எங்ககிட்ட விதின்னு எதுவும் கிடையாது. ஆரம்பிச்ச சீனியர்கள் சில பேர்கிட்டதான் அட்மின் உரிமை எல்லாம் இருந்துச்சு, அவங்களும் நல்லவங்கதான், நேரம் ஒதுக்கி வளத்தவங்கதான். ஆனா ஒரு செமினார்ல ஒரு ஸ்காலர் கேட்ட கேள்விய ஒரு சீனியர் "இது கூட தெரியாமயா பிஎச்டி பண்றீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் கேமராவும் போடல, பேசவும் இல்ல, கொஞ்ச நாள்ல வர்றதையே நிறுத்திட்டாங்க. நான் தனியா பேசுனப்ப அவங்க சொன்னது, "யார்கிட்ட போய் சொல்றதுங்க, அட்மின் எல்லாம் அவரோட கோ-ஆத்தர்ஸ் தானே". அந்தக் கேள்விக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்ல.

சரி எழுதிடலாம்னு உக்காந்தப்ப நிறைய பேர் சொன்ன முதல் யோசனை, ஏற்கனவே இருக்குற ஒரு டெம்ப்ளேட்ட எடுத்து பேர மட்டும் மாத்திப் போட்ரலாம்ங்கிறது. யார் வேணா கோட எடுத்து மாத்திக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் உலகத்துல 2014ல வந்த காண்ட்ரிபியூட்டர் கவனென்ட்ங்கிற நடத்தை விதி இருக்கு, ஏகப்பட்ட ப்ராஜெக்ட்ல அதைத்தான் வச்சிருக்காங்க, நாங்களும் அதைத்தான் முதல்ல படிச்சோம். தொந்தரவு, மிரட்டல், அடுத்தவங்க சொந்த விவரத்த வெளியிடுறது இதுக்கெல்லாம் அதுல இருக்குற வாசகமே போதும். ஆனா நம்ம உலகத்துல நடக்குற அநியாயம் வேற மாதிரி. இன்னொருத்தர் காட்டின வெளிவராத டேட்டாவ வச்சு முந்திக்கிறது, செமினார்ல வாங்குன ஐடியாவுக்கு நன்றி கூட சொல்லாம விடுறது, தன் ஸ்டூடண்ட்ட எதிர்க்கேள்வி கேட்டவங்க பேப்பர் ரெவியூவுக்கு வரும்போது பாத்துக்கிறேன்னு ஜாடையா சொல்றது. அதோட சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ல ஒத்து வரலன்னா கோட எடுத்துக்கிட்டு தனியா போயிடலாம், இங்க அப்படி எங்க போறது, சின்ன துறை, இன்னிக்கு யார் மேல புகார் குடுக்குறீங்களோ அவரே நாளைக்கு உங்க பேப்பருக்கு ரெவியூவரா வருவாரு, வேலைக்கான இண்டர்வியூல எதிர்ல உக்காந்திருப்பாரு. அதனால டெம்ப்ளேட்ல இருந்து கொஞ்சம்தான் எடுத்தோம், மிச்சத்த நாங்களே உக்காந்து எழுதுனோம்.

முதல் டிராஃப்ட்ல முதல் வரி "அனைவரும் ஒருவரையொருவர் மரியாதையுடன் நடத்த வேண்டும்"னு இருந்துச்சு. யாரும் இத எதிர்க்க மாட்டாங்க, அதுதான் பிரச்சனையே. பிஎச்டி முடிச்சுட்டு தற்காலிகப் பதவில ஆராய்ச்சி பண்ற ஒரு போஸ்ட்டாக் கேட்டாங்க, "நான் ஒரு ப்ரொஃபஸரோட கணக்குல தப்பு இருக்குன்னு செமினார்லயே சொன்னா அது மரியாதைக் குறைவா இல்லையா, யார் சொல்றது?" ரொம்ப நியாயமான கேள்வி, ஏன்னா இந்த மாதிரி பொதுவா எழுதின வரிய கடைசில சின்னவங்க வாய அடைக்கத்தான் யூஸ் பண்ணுவாங்க. அந்த வரிய தூக்கிட்டு செயல செயலா எழுதுனோம்: ஒருத்தரோட முறை, டேட்டா, முடிவு எதையும் யார் வேணா எவ்ளோ கடுமையா வேணா விமர்சிக்கலாம், ஆனா அவங்க எங்க படிச்சாங்க, அவங்க இங்லீஷ் எப்படி இருக்கு, என்ன வயசு, எந்த லேப், இதை வச்சுப் பேசக்கூடாது. பேச ஆரம்பிச்சவங்கள குறுக்க வெட்டுனா செமினார் நடத்துறவர் தலையிடணும், அது அவரோட கடமை, விருப்பம் இல்ல. இப்படி எழுதுனதுக்கப்புறம் எது விதி மீறல்னு சண்டை வந்ததே இல்ல, படிச்சாலே தெரிஞ்சிரும்.

வெளிவராத ரிசல்ட் விஷயத்துக்கு லண்டன்ல இருக்குற சாத்தம் ஹவுஸ்ங்கிற ஆய்வு நிறுவனத்தோட ரூல எடுத்துக்கிட்டோம். 1927ல இருந்து இருக்குற ரூல் அது, கூட்டத்துல கேட்ட தகவல வெளிய பயன்படுத்திக்கலாம், ஆனா யார் சொன்னாங்க, எந்த நிறுவனம்னு சொல்லக்கூடாது. ஆனா ஆராய்ச்சில அது மட்டும் போதாது பாருங்க, எங்களுக்கு தகவலே வெளிய போகக்கூடாத செஷன் இருக்கு, அதே சமயம் பேர் சொல்லி க்ரெடிட் குடுத்தே ஆகணும்ங்கிற செஷனும் இருக்கு. அதனால பேசுறவங்க முதல் ஸ்லைடுலயே மூணுல ஒண்ண போடணும்: திறந்தது, பேர் சொல்லாம பயன்படுத்தலாம், உள்ளயே இருக்கணும். எதுவும் போடலன்னா உள்ளயே இருக்கணும்னுதான் அர்த்தம். ரெக்கார்டிங்கும் அதே மாதிரி, பேசுறவர் சம்மதம் சொன்னாதான் ஆன் பண்ணணும்.

இனிமேதான் நிஜமான வேலை. புகார் கமிட்டில யார் யார் உக்காரக்கூடாதுங்கிறதுக்கு நாங்க செலவழிச்ச நேரத்துல மிச்ச விதி மொத்தத்தையும் ரெண்டு தடவ எழுதியிருக்கலாம், அவ்ளோ பேச்சு. ஏன்னா சின்ன துறையில யார எடுத்தாலும் ஒருத்தருக்கு ஒருத்தர் கோ-ஆத்தர், இல்ல கைடு, இல்ல கைடோட கைடு. "மனசாட்சிப்படி விலகிக்கணும்"னு எழுதலாம்னு சிலர் சொன்னாங்க, நான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, மனசாட்சிய அளக்க முடியாது, தேதிய அளக்கலாம். அமெரிக்க நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் நிதி விண்ணப்பத்துல இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கடைசி 48 மாசத்துல சேர்ந்து பேப்பர் போட்டவங்க பேரெல்லாம் குடுக்கணும், பிஎச்டி கைடும் அவங்க ஸ்டூடண்ட்டும்னா அதுக்கு காலக்கெடுவே இல்ல, எப்பவும் குடுக்கணும். அதை அப்படியே எடுத்தோம். கூடவே ஒரே டிபார்ட்மென்ட், நிலுவையில இருக்குற ரெக்கமண்டேஷன் லெட்டர், ரெண்டையும் சேத்தோம். விலகுறவருக்கு பதிலா வர்றதுக்கு ரிசர்வ் ஆளுங்கள முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வச்சோம், அதுல ரெண்டு பேர் பக்கத்து துறைக்காரங்க, இதை மட்டும் யாரும் விட்றாதீங்க. புகார் வந்ததுக்கு அப்புறம் ஆள் தேட ஆரம்பிச்சா தேடுற விதத்துலயே சாய்வு வந்துரும்.

விக்கிப்பீடியாகாரங்க அனுபவம் எனக்கு இதுல பெரிய தைரியம் குடுத்துச்சு. விக்கிப்பீடியாவ நடத்துற விக்கிமீடியாவோட பொது நடத்தை விதிக்கு போர்டு ஒப்புதல் 2021 பிப்ரவரியிலயே வந்திருச்சு, ஆனா அத எப்படி அமல்படுத்துறதுங்கிற வழிமுறை 2022ல ஒரு ஓட்டு, அதுல வந்த கருத்த வச்சு திருத்தம், மறுபடி 2023ல ஓட்டுன்னு போய்தான் முடிஞ்சது. அவ்ளோ பெரிய சமூகத்துக்கே அமலாக்கப் பகுதிக்கு தனியா இத்தன காலம் ஆயிருக்குன்னா நாங்க ஏன் இழுக்குறோம்னு யாரும் எங்கள அவசரப்படுத்த முடியாதுல்ல.

அதிகாரத்த பகிர்ந்துக்கிறதுலதான் குழுவே கொஞ்சம் ஆடிப்போச்சு. ஆரம்பிச்சவங்க கேட்டாங்க, "நாங்க வளத்தத நேத்து வந்தவங்க ஓட்டு போட்டு மாத்துவாங்களா?" அந்த வருத்தத்த நான் லேசா எடுத்துக்கல, ராத்திரி முழிச்சு ஸ்பீக்கர் தேடி, காசு போட்டு நடத்துனவங்க அவங்க. அப்ப ஒரு சமூக அறிவியல்காரர் எலினோர் ஆஸ்ட்ரம் பத்தி பேசுனாரு. மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடின்னு பொதுச் சொத்த மக்கள் தாங்களே எப்படி காலங்காலமா பராமரிக்கிறாங்கன்னு ஆராய்ஞ்சவங்க, 2009ல பொருளாதார நோபல் வாங்குன முதல் பெண். நீடிச்சு நின்ன அமைப்புகள்ல அவங்க பாத்த பொது அம்சங்கள்ல ரெண்டு எங்களுக்கு நேரா பொருந்துச்சு: விதியால பாதிக்கப்படுறவங்களுக்கு விதிய மாத்துறதுல பங்கு இருக்கும், தண்டனை சின்னதுல ஆரம்பிச்சு படிப்படியா ஏறும். நல்ல மனசு இருக்குறவங்க பொறுப்புல இருந்தா போதும்னு அதுல எங்கயும் இல்லன்னு அவர் சொன்னப்ப கூட்டமே அமைதியாயிருச்சு, சீனியர்கள்ல ஒருத்தரே அப்புறம் "சரி, பதவிக்காலம் வைங்க"ன்னாரு.

வச்சோம். நிர்வாகக் குழுவுக்கு ரெண்டு வருஷம், தொடர்ச்சியா ரெண்டு தடவைக்கு மேல நிக்கக்கூடாது, மூணுல ஒரு பங்கு இடம் ஸ்டூடண்ட்டுக்கும் நிரந்தர வேலை இல்லாதவங்களுக்கும். புகார் கமிட்டி தனி, நிர்வாகக் குழுவுல இருக்குறவங்க அதுல இருக்க முடியாது. தினப்படி விஷயத்துக்கு ஓட்டெல்லாம் கிடையாது, அப்பாச்சிங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்போட ப்ராஜெக்ட்கள்ல இருக்குற மாதிரி யோசனைய எழுதிப் போடுறது, குறிச்ச நேரத்துக்குள்ள யாரும் மறுக்கலன்னா நடத்திர்றது. அவங்க 72 மணி நேரம் குடுக்குறாங்க, நாங்க ஏழு நாள் வச்சோம், ஏன்னா ஃபீல்டுக்கு போனவங்களுக்கு நெட்டே இருக்காது. மறுப்பு வந்தா என்ன பண்றதுங்கிறதுக்கு இணைய நெறிமுறைகள எழுதுற ஐஇடிஎஃப்-ல 2014ல எழுதி வச்ச விளக்கம் ரொம்ப உதவுச்சு: எல்லா மறுப்பையும் எடுத்துப் பேசி பதில் சொல்லியாகணும், ஆனா எல்லா மறுப்புக்கும் இணங்கியாகணும்னு இல்ல. இதுல ஒத்த ஆள் பிடிவாதத்துல வேலை நிக்காது, அதே நேரம் ஒத்த ஆளோட நியாயமான பாயிண்ட் காணாமலும் போகாது.

ஓட்டு ரகசியமா நடந்துச்சு, பாதிக்கு மேல ஓட்டு விழுந்தாதான் செல்லும்னு வச்சிருந்தோம், பாஸ் ஆச்சு.

கொஞ்ச நாள்ல புகார். "உள்ளயே இருக்கணும்"னு முதல் ஸ்லைடுல போட்டிருந்த ஒரு செஷன், அதுல ஒரு போஸ்ட்டாக் காட்டின கிராஃபோட ஸ்க்ரீன்ஷாட் வேற ஒரு கூட்டத்துல இன்னொருத்தர் ஸ்லைடுல வந்திருக்கு, அச்சோட கலர் கூட மாத்தல, கீழ பேரும் இல்ல. போட்டவர் எங்க குழுவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். கமிட்டில ரெண்டு பேர் அவரோட 48 மாசக் கணக்குக்குள்ள வந்தாங்க, யாரும் யாரையும் கேக்கவே தேவையில்லாம அன்னிக்கே விலகிட்டாங்க, ரிசர்வ்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. இந்த ஒரு விஷயம் சத்தமில்லாம நடந்ததுலயே புகார் குடுத்தவங்களுக்கு பாதி பயம் போயிருச்சுன்னு பின்னாடி சொன்னாங்க. அவங்க சம்மதம் இல்லாம அவங்க பேர எதிர்த்தரப்புக்கு சொல்றதில்லங்கிறது விதி, ஆனா இங்க கிராஃப பாத்தாலே யாருதுன்னு தெரிஞ்சிரும், அத மறைக்க முடியாதுன்னு முன்கூட்டியே அவங்ககிட்ட ஒளிவு மறைவில்லாம சொன்னோம், யோசிச்சுட்டு தொடரலாம்னாங்க. எதிர்த்தரப்பு எழுத்துல விளக்கம் குடுத்தாரு, முதல் ஸ்லைடு ஓடும்போது தான் உள்ள வரல, லேட்டா வந்தேன்னாரு. எதுவும் போடலன்னாலே உள்ளயே இருக்கணும்னுதான் விதி சொல்லுது, அதனால பாத்தாரா பாக்கலையாங்கிற வாதத்துக்கே இடமில்லாமப் போச்சு. கமிட்டி முடிவு இதுதான்: அவர் அந்த கிராஃப ஸ்லைடுல இருந்து எடுக்கணும், அந்தக் கூட்டம் நடத்துனவங்களுக்கு கிராஃப் யாருதுன்னு எழுதணும், ஆறு மாசத்துக்கு மூடின செஷன்கள்ல, அதாவது "உள்ளயே இருக்கணும்"ங்கிற செஷன்கள்ல, கலந்துக்க முடியாது. அப்பீல் உரிமை இருந்துச்சு, அவர் போகல. திறந்த செமினாருக்கு இன்னமும் வர்றாரு, கேள்வி கேக்குறாரு, அந்த போஸ்ட்டாக்கும் வர்றாங்க. படிப்படியான தண்டனை இல்லாம கமிட்டிக்கு முன்னாடி விரட்டு இல்லன்னா விடுன்னு ரெண்டே வழி இருந்திருந்தா அவ்ளோ பெரிய ஆள விரட்ட மனசு வராம நாங்க விட்டிருப்போமோன்னு எனக்கு இப்பவும் தோணும்.

வருஷ அறிக்கைல இத எப்படி எழுதுறதுன்னும் பேசுனோம். பேர் போடலன்னாலும் சின்னக் குழுவுல "ஒரு புகார், ஸ்க்ரீன்ஷாட்"னு எழுதுனா போதும், எல்லாருக்கும் புரிஞ்சிரும். அதனால ரெண்டு வருஷத்துக்கு சேத்து, எத்தன புகார் வந்துச்சு, எத்தனல நடவடிக்கை, சராசரியா எவ்ளோ நாள்ல முடிஞ்சதுன்னு மட்டும் வெளியிடுறதா முடிவு.

இப்ப திருத்தம் ஒண்ணு மறுப்புக்காலத்துல இருக்கு. கூட்டத்துல தானா வந்து உக்காந்து நோட்ஸ் எடுக்குற ஏஐ கருவிகள மூடின செஷன்ல அனுமதிக்கிறதா வேண்டாமாங்கிறதுதான் விஷயம். ரெக்கார்டிங் விதியே இதுக்கும் பொருந்தும்னு ஒரு தரப்பு, காது சரியா கேக்காதவங்களுக்கு அதுதானே துணைன்னு இன்னொரு தரப்பு. ரெண்டாவது தரப்புல பேசுறது போன தடவ ஸ்டூடண்ட் இடத்துல ஜெயிச்சு வந்த ஒருத்தர், அவர் எழுதின மறுப்புக்கு இந்த வாரத்துக்குள்ள நாங்க பதில் எழுதியாகணும்.