வண்டியில் குடியேறிய முதல் நாளும் 120 லிட்டர் தண்ணீரும்

கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டைக் காலி செய்து, சாவியை வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டோம். இனிமேல் வண்டிதான் வீடு. நாலு நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிற கணக்கே கிடையாது, ரேஷன் கார்டைக்கூட மாமியார் முகவரிக்கு மாற்றியாயிற்று. நான் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவள், அதனால் 20ஆம் தேதி 3பி என்கிற மாதக் கணக்குத் தாக்கலெல்லாம் முடித்துவிட்டு மறுநாள் காலையில் கிளம்பினோம். தை பிறந்து மழையும் ஓய்ந்துவிட்டது, வெயிலும் இன்னும் ஏறவில்லை. இந்தக் கடற்கரைப் பக்கம் தகர வண்டிக்குள் குடித்தனம் தொடங்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

வண்டி ஒரு பழைய டிராவலர் வேன். வேனை வீடாக மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அனுமதி வாங்கி, மாற்றியதை ஆர்சி புத்தகத்தில் பதிய வைக்க வேண்டும். யாராவது கிளம்ப நினைத்தால் இதை மட்டும் முதலில் செய்துவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி கரண்ட்டுக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான். உண்மையில் அதுதான் சுலபம். மேலே இரண்டு 200 வாட் சோலார் பேனல், நல்ல வெயிலில் நாளுக்கு ஒன்றரை யூனிட் வரை தரும். கீழே 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, அதில் சுமார் இரண்டரை யூனிட் தங்கும். சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் தாராளம். அடுப்புக்கு 5 கிலோ சிலிண்டர். அவ்வளவுதான்.

தண்ணீர் அப்படி இல்லை. கட்டிலுக்கு அடியில் 120 லிட்டர் டேங்க், அதற்கு மேல் இடமும் இல்லை, எடை தாங்கவும் தாங்காது. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டமே போடுகிறார்கள், ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 55 லிட்டர். எங்கள் டேங்க்கில் இரண்டு பேர், மூன்று நாள் ஓட்ட வேண்டும். ஆளுக்கு நாளுக்கு 20 லிட்டர்! குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, குளிக்க எல்லாம் அதற்குள்.

இந்தத் தண்ணீர்க் கணக்கை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு லட்சம் கன அடிக்கும் மேலே திறந்து, தென்பெண்ணை கரையை மீறிக் கடலூருக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மெத்தை, பீரோ, கல்யாண ஆல்பம், கிரைண்டர் எல்லாம் போயிற்று. சேற்றை வாரிக்கொட்டிய வாரத்தில் என் கணவர்தான் முதலில் கேட்டார், "திரும்ப இதெல்லாம் வாங்கணுமா?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த வண்டி.

ஆல்பேட்டை தாண்டி தென்பெண்ணைப் பாலத்தில் ஏறியபோது அவர் வேகத்தைக் குறைத்தார். ஆறு மணல் திட்டும் நாணலுமாக, நடுவில் ஒல்லியான ஒரு ஓடையாகக் கிடந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டே கடந்தோம். ரெட்டிச்சாவடி, அப்புறம் கன்னியக்கோயில். புதுச்சேரி எல்லைக்குள் டீசல் விலை குறைவு என்பதால் அங்கே டேங்க்கை நிரப்பிக்கொண்டு, நேரே போகாமல் இடதுபக்கம் பாகூருக்குத் திரும்பினோம்.

பாகூர்ப் பக்கம் திரும்பியது தண்ணீருக்காகத்தான். கடலை ஒட்டிப் போனால் போர்வெல் தண்ணீர் பல இடத்தில் உப்புக் கரிக்கும். பாகூரில் ஏரி இருக்கிறது, புதுச்சேரி மாநிலத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருவதே தென்பெண்ணையிலிருந்துதான். சிங்காரி, பங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று அந்தப் பக்கம் கதை சொல்வார்கள். என் வீட்டை மூழ்கடித்த அதே ஆறுதான் அங்கே ஏரியை நிரப்பி, கிணற்றில் ஊறுகிறது. இதை நினைத்தபோது ஆற்றின் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மோட்டார் கொட்டகை. தொட்டியில் தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. வரப்பில் ஒரு ஆயா கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கேட்டேன், "ஆயா, கொஞ்சம் தண்ணி புடிச்சிக்கலாங்களா? காசு குடுத்துடறோம்."

"தண்ணிக்கு என்னாம்மா காசு? மோட்டார் ஓடறப்பவே புடிச்சிக்க, கரண்ட்டு போயிட்டா என்ன கேக்காத."

ஹோஸை மாட்டி, டேங்க் வாயில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினோம். துணியில் முதலில் பொடி மணல் படிந்தது, பிறகு தெளிந்துவிட்டது. அவர் டிடிஎஸ் (கரைந்த உப்பு) மீட்டரை டம்ளரில் விட்டுப் பார்த்தார், 400க்குள்தான் காட்டியது. குடிநீருக்கு 500 வரை நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் தரம். மீட்டர் உப்பின் அளவை மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது, அதனால் குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துவிடுவோம்.

டேங்க் நிரம்புகிற நேரத்தில் ஆயா வண்டிக்குள் ஏறி அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். "சாமி படம் எங்க?" என்றார். ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த பாடலீஸ்வரர் படத்தைக் காட்டினேன். "அப்ப சரி, வூடுதான்" என்று சொல்லி இறங்கிப்போய் ஒரு கட்டு முளைக்கீரையைப் படிமேல் வைத்தார். என் கணவர் தொட்டியிலேயே குளித்து முடித்துவிட்டார், நானும் முகம் கைகால் கழுவிக்கொண்டேன். டேங்க்கில் ஒரு சொட்டு குறையவில்லை.

வண்டியில் வாழ்ந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு முதல் நாளே அது சரியாகப் படவில்லை. குழாய் இருந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு குடம் தண்ணீர்கூட கேட்டதில்லை. இப்போது போகிற ஊரிலெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த ஆயாவிடம் பேசியது கேட்டதால்தானே நடந்தது.

மத்தியானம் ஏரிக்கரை மரநிழலில் சமையல். சோறும் கீரைக் கடையலும்தான், மீன் வாங்கலாமா என்று அவர் கேட்டார், மீனைக் கழுவவே 5 லிட்டர் போய்விடும் என்று வேண்டாம் என்றேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு சட்டியில் எடுத்து வைத்திருந்தேன். சாப்பிட்டதும் தட்டைத் தேங்காய் நாரால் வழித்து, கழுநீரில் தேய்த்து, கடைசியில் நல்ல தண்ணீரில் ஒரு அலசு. டம்ளர் முதலில், தட்டு அடுத்து, கடைசியில் கடாய். அந்த வரிசையில் போனால் ஒரே தண்ணீர் மூன்றுக்கும் வருகிறது. குழாயைத் திறந்து விட்டுக் கழுவிய காலத்தில் இந்த வரிசை எனக்குத் தோன்றியதே இல்லை.

சாயங்காலம் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் சாயங்காலத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், அது நல்ல ஏற்பாடு. உள்ளே தெருவில் நிறுத்தி நடந்துபோய்க் காற்று வாங்கிவிட்டு வந்தோம். ராத்திரி தங்க ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க். மேனேஜரிடம் கேட்டோம், லாரிகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பங்க்கில் கழிப்பறையும் குடிநீரும் டயருக்குக் காற்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பக்கத்து லாரி டிரைவர் அண்ணன் ஒருத்தர் எங்கள் வண்டி நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, "ராத்திரி காத்து கடல்லேர்ந்து வராதுங்க, இந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும், ஜன்னலை மேற்கே வச்சிப் போடுங்க" என்று சொன்னார். திருப்பிப் போட்டோம். பத்து மணிக்கு மேல் அவர் சொன்னபடியே காற்று வந்தது, ஃபேன் தேவைப்படவில்லை.

படுப்பதற்கு முன் அளவுக் குழாயில் பார்த்தோம், 90 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. நாளைக்கு மரக்காணம். அங்கே உப்பளம்தான் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு, அதனால் இந்தப் பங்க்கிலேயே மேனேஜரிடம் கேட்டு நிரப்பிக்கொண்டுதான் கிளம்பப் போகிறோம்.