ஆறினாலும் ருசிக்குமா? சமையல் போட்டி ஆடிஷனுக்குப் போகிறவர்களுக்கு

முடிவு நேற்று வந்துவிட்டது. கடைசிச் சுற்று வரை போனேன், ஸ்டுடியோவுக்குக் கூப்பிடவில்லை. எந்தச் சேனல், எந்த நிகழ்ச்சி என்று கேட்காதீர்கள், வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஏக நிம்மதி. எனக்குப் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி பக்கமிருந்து அடுத்த சீசனுக்கு ஃபார்ம் போடப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

போட்டோ, வீடியோ விவரமெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: மெஸ், ஹோட்டல் என்று சமையலையே தொழிலாக வைத்திருப்பவர்களை மாஸ்டர்செஃப் வகைப் போட்டிகளில் பொதுவாகச் சேர்ப்பதில்லை, அது வீட்டுச் சமையல்காரர்களுக்கான போட்டி. 2010-ல் ஹிந்தி மாஸ்டர்செஃப்பின் முதல் சீசனில் ஜெயித்த பங்கஜ் பதோரியா லக்னோவில் ஸ்கூல் டீச்சராக இருந்தவர். செஃப் ஆவதுதான் ஆசை என்றால் நுழைவுத்தேர்வு எழுதித் தரமணி கேட்டரிங் காலேஜில் சேருங்கள், டிவியை நம்பி உட்காராதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றுக்கு வீட்டில் சமைத்து எடுத்துப் போக வேண்டும். அங்கே அடுப்பும் கிடையாது, மைக்ரோவேவும் கிடையாது, தட்டில் எடுத்துவைக்கச் சில நிமிஷம் தருவார்கள், அவ்வளவுதான். இந்த விதியை எல்லோரும் படிக்கிறார்கள், படித்துவிட்டு பிரியாணி கட்டிக்கொண்டு போகிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவின் நெய்ச்சோறு, ஏசி ஹாலில் உட்கார்ந்த நேரத்தில் நெய் உறைந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நின்றது. நல்ல கைப்பக்குவம் அந்த அக்காவுக்கு, வாசனையிலேயே தெரிந்தது, ஆனால் நடுவர் வாயில் போனது மெழுகு. என்னைக் கேட்டால் ஆடிஷனில் பாதி வெற்றி, ஆறினாலும் ருசிக்கிற பண்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பாதி என்ன, முக்கால்வாசி.

நான் எடுத்துப்போனது பழைய சோறும் சுண்டவைத்த பாறைமீன் குழம்பும். மீன்பிடித் தடைக்காலம் அது, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அதனால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நாட்டுப்படகுக்காரர்களிடம் சொல்லிவைத்து வாங்கினேன். பாறை என்றால் சதை கெட்டி, முள்ளை எடுப்பதும் சுலபம். நடுவர் தொண்டையில் முள் சிக்கினால் அதோடு கதை முடிந்தது, சூடை, காரல் பக்கம் போகவே போகாதீர்கள். கணவாய் ஆறினால் ரப்பர். குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றவில்லை, சித்திரை வெயிலில் ராத்திரிப் பயணம், புளித்து நாறிவிடும். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், புளி, நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய் (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்). தேங்காய் எண்ணெய் ஏசி குளிரில் உறைந்துவிடும், நல்லெண்ணெய் அப்படியே நிற்கும். ரயிலுக்குக் கிளம்புமுன் அம்மா இன்னொரு கொதி விட்டு, கரண்டியால் கோடு போட்டால் சட்டியின் அடி தெரிகிற அளவுக்குச் சுண்டவைத்தார்.

சோற்றைத்தான் நான் ரொம்ப யோசித்தேன். வடித்து ஆறவைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, தூக்குவாளியின் மூடியை இறுக்காமல் துணி கட்டி, போட் மெயில் ரயிலில் காலடியில் வைத்துக்கொண்டேன். எதிர் பெர்த் பெரியவர், "என்னம்மா, பால் கறந்து கொண்டு போறியா?" என்று கேட்டார். சென்னையில் இறங்கும்போது பதமாகப் புளித்திருந்தது. மற்றவர்களுக்குப் பயணம் சாப்பாட்டைக் கெடுத்தது, எனக்குப் பயணமே சமைத்துக் கொடுத்தது. அங்கே போய்த் தண்ணீரை வடித்து, தயிர் விட்டு மசித்து, கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, மேலே மீன் துண்டு, சுற்றிலும் குழம்பு, பக்கத்தில் அங்கேயே நறுக்கிய வெங்காயம்.

"ஆறிப்போன குழம்பா?" என்றார் நடுவர்.

"ஆமா சார், எங்க வீட்டில் மறுநாள்தான் இதை எடுப்போம்."

இரண்டாவது வாயும் எடுத்தார். எனக்கு அது போதும்.

அடுத்த சுற்று அங்கேயே சமைப்பது. அவசரமாக:

- இண்டக்‌ஷன் அடுப்பில் பழகுங்கள். மண்சட்டி அதில் சூடாகாது. பக்கத்து மேசைப் பையன் சட்டியோடு வந்து விழித்தான்.
- கத்தியைத் தீட்டிக்கொண்டு போங்கள், அங்கே கிடைப்பது வெண்ணெயைக்கூட வெட்டாது.
- தட்டு வெள்ளை, ஒரே தட்டு. பனையோலைப் பெட்டி, சங்கு, வலை என்று கடையைப் பரப்ப வேண்டாம்.
- உப்பு புளியை ஆறவைத்துத்தான் பார்க்க வேண்டும், கொதிக்கக் கொதிக்கப் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள்.
- வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்காதீர்கள். எங்கள் அத்தை நான் எதைச் செய்தாலும் "அருமை" என்பார்.

பயிற்சிக்கு நான் வைத்துக்கொண்டது அமெரிக்க 'சாப்ட்' (Chopped) சமையல் போட்டி நிகழ்ச்சியின் முறை. கூடைக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலு பொருள், முதல் சுற்றுக்கு 20 நிமிஷம், அடுத்த இரண்டுக்கும் 30, 30. 2021-ல் சன் டிவியில் வந்த தமிழ் மாஸ்டர்செஃப்பில் நடுவராக இருந்த ஆர்த்தி சம்பத் அந்த 'சாப்ட்'டில் ஜெயித்தவர்தான். அம்மா ஒரு நாள் கருவாடு, மாம்பழம், சேமியா, அகத்திக்கீரை என்று எடுத்து வைத்தார், இன்னும் அதை நினைத்தால் குமட்டுகிறது. ஆனால் கை பயம் போனது அந்தக் கூடையில்தான். தினமும் செய்யுங்கள்.

கடைசிச் சுற்று பேச்சு. "உங்க ஸ்டோரி என்ன?" என்றார்கள். சமைக்கப் பிடிக்கும், அதுதான் என்றேன். மீனவக் குடும்பமா, புயலில் யாராவது, கடன் ஏதாவது, என்று இழுத்து இழுத்துக் கேட்டார்கள். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார், கடன் இல்லை, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றேன். பேனாவை மூடிவிட்டார்கள். இதற்கு என்னிடம் டிப்ஸ் கிடையாது. இல்லாத கண்ணீரை வரவழைக்க எனக்கு வராது, உங்களுக்கும் வரவேண்டாம் என்றுதான் சொல்வேன், அதனால் ஒரு இடம் போனாலும் போகட்டும்.

இனிப்பு எடுத்துப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. கீழக்கரைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம், தொதல் (அல்வா மாதிரி), வட்டிலப்பம் (முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து ஆவியில் வேகவைப்பது) இரண்டுமே ஆறினால்தான் ருசி. வட்டிலப்பத்தை மட்டும் வேகவைத்த கிண்ணத்திலேயே கொண்டுபோங்கள், ரயில் குலுக்கலில் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் உடைந்து தண்ணீர் விட்டுவிடும். கருப்பட்டியை வடிகட்டிவிட்டுப் போடுங்கள், மண் இருக்கும்.