கேட்டுக்கு உள்ளே வராத ஆசை

நாமக்கல் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் புகையிலை நிறுத்த ஆலோசகராக இருக்கிறேன். நெஞ்சுநோய்ப் பிரிவில் ஓ.பி. சீட்டில் டாக்டர் எழுதி அனுப்புகிறவர்கள்தான் என்னிடம் வருவார்கள். பாதிப் பேர் லாரிக்காரர்கள். உட்கார்ந்ததும் அநேகமாக எல்லோரும் சொல்வது ஒன்றே: "மனசு வெக்கோணும்ங்க, எனக்கு அது பத்தல." மனைவி கூட வந்திருந்தால் அவரும் தலையாட்டுவார். டாக்டர்களும் அதையேதான் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

மனஉறுதி என்ற ஒரு சரக்கு சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை என்ற இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. என் நம்பிக்கையை மாற்றியவர்கள் கேஸ் டேங்கர் ஓட்டுநர்கள்.

சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் தொழிலுக்கு நாமக்கல் பெரிய ஊர். பிளான்ட்டுக்குள் போகும் முன்பு கேட்டிலேயே பீடி, தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே லோடுக்காக அரை நாள், சில நேரம் ஒரு நாள் முழுக்கவும் காத்திருக்க வேண்டிவரும். தினமும் இரண்டு கட்டு பீடி குடிக்கிற ஓர் அண்ணனிடம், "அத்தனை நேரம் எப்படித் தாங்கறீங்க?" என்று கேட்டேன்.

"தாங்கறதுக்கு என்ன இருக்குது அம்மிணி, உள்ளார இருக்கற வரைக்கும் அந்த நெனப்பே வராதுங்க. பில்லு கைக்கு வந்து, வண்டிய கேட்டுப் பக்கம் திருப்புனாத்தான் நாக்கு வறண்டு போவுது."

அதன்பிறகு வந்த டேங்கர் ஓட்டுநர்களிடமெல்லாம் இதைக் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் இதையே தங்கள் வார்த்தையில் சொன்னார்கள். நிகோடினின் கணக்குப்படி இது நடக்கக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அப்படியானால் ஆறு மணி நேரம் உள்ளே இருப்பவருக்கு மூன்றாம் மணியைவிட ஆறாம் மணியில் வேதனை கூடியிருக்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே அப்படி நடப்பதில்லை.

இஸ்ரேலில் ரெவுவன் டார் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் பறக்கும்போதே ஆசையின் அளவைப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஐரோப்பாவுக்கு மூன்று முதல் ஐந்தரை மணி நேரப் பயணம் ஒன்று, நியூயார்க்குக்குப் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஒன்று. இரண்டிலுமே தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்க ஆசை ஏறியது. குறும்பயணம் முடிகிற நேரத்தில் இருந்த ஆசை, நெடும்பயணத்தின் அதே மணியில் இல்லை. கடைசியாகப் புகைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைவிட, அடுத்தது எப்போது கிடைக்கும் என்பதே ஆசையை அதிகம் ஆட்டுவித்தது. அதைப் படித்த அன்று எனக்கு டேங்கர் அண்ணனின் வறண்ட நாக்குதான் ஞாபகம் வந்தது.

இதைப் பார்க்க நமக்கு விமானமும் வேண்டாம், பிளான்ட்டும் வேண்டாம். கார்த்திகை பிறந்தால் போதும். மாலை போட்ட அன்றிலிருந்து பீடியைத் தொடாத ஆட்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். மாலையோடே மறைவாகப் புகைக்கிறவர்களும் உண்டு. ஆனால் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்தது. "அந்த நாள்ல கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்: "மொத வாரம் தலைவலி, எரிச்சல். அப்புறம் ஒண்ணும் தெரியல." அதே மனிதர், மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய கையோடு டீக்கடைக்குப் போயிருப்பார். தனக்கு மனசு பத்தவில்லை என்று என்னிடம் சொல்பவரும் அவரேதான்.

ஒரு மண்டலம் புகைக்காமல் இருந்தவருக்கு மனஉறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது? விரத நாட்களில் அவருக்குள் பேரம் நின்றிருந்தது. "இப்ப ஒண்ணு குடிக்கலாமா, சாப்பிட்டப்புறம் குடிக்கலாமா" என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தெருவே அவரைச் "சாமி" என்று கூப்பிட்டது. டீக்கடைக்காரர்கூட, "சாமிக்கு டீ மட்டுந்தானே?" என்றிருப்பார். அந்த வேலையில் பாதியை ஊரே சுமந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைப்பதற்கு நாடு முழுக்க வந்த தடையும் ஓரளவு இப்படித்தான் வேலை செய்தது. இன்று சென்னை பஸ்ஸில் ஏறுகிறவருக்கு வண்டி ஓடும்வரை சிகரெட் நினைப்பு அதிகம் இருப்பதில்லை. வழியில் ஹோட்டலில் நின்று உள்விளக்கைப் போட்டதும்தான் கை பாக்கெட்டுக்குப் போகிறது.

அதனால் "கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சுக்கறேன்" என்பவர்களை நான் ஒரு தேதி குறிக்கச் சொல்லி வற்புறுத்துவேன். நாளுக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டவர் நாள் முழுக்க ஐந்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பார். இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து அதே நாளில் விட்டவர்களில் அது 39 சதவீதம்.

உடம்பின் பங்கை நான் ஒதுக்கவில்லை. தூங்கி எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்கு வெறும் பேச்சு போதாது. அவருக்கு நிகோடின் சூயிங்கம் கொடுக்கிறோம். அதையும் குழந்தைகள் மிட்டாய் மெல்வதுபோல மென்று, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து தூக்கிப் போட்டவர்கள் நிறைய. நாலு மெல்லு மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதை நானே செய்து காட்டுவேன். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகை, உடம்பு காப்பி டீயில் உள்ள கஃபீனை வேகமாக வெளியேற்றும்படி செய்கிறது. புகையை விட்டதும் அந்த வேகம் குறையும். வழக்கமான ஆறு டீயையே குடித்தால் கஃபீன் தேங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைப் "பீடி இல்லாத வெறி" என்று நினைத்துக்கொண்டு திரும்பப் பற்றவைப்பார்கள். டீயைப் பாதியாக்கச் சொன்ன பிறகு, "இப்பத் தூக்கம் வருதுங்க" என்று வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

டென்ஷனுக்குத்தான் குடிக்கிறேன் என்பதுதான் நான் அதிகம் மல்லுக்கட்டும் பேச்சு. பீடி தணிக்கும் பதற்றத்தில் பெரும்பங்கு முந்தின பீடியின் நிகோடின் இறங்கியதால் வந்தது. விட்டவர்களுக்கு மாதங்கள் போகப் போக மனஅழுத்தமும் பதற்றமும் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டில் நடப்பது வேறு. தட்டைத் தள்ளிவிடுவார், பிள்ளைகள் மேல் பாய்வார். "இந்தக் கோவத்துக்கு நீ பீடியே குடிச்சுத் தொலை" என்று மனைவியே வாங்கிக் கொடுத்த கதைகள் உண்டு. அந்தப் பெண்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கோபம் சில வாரத்தில் அடங்கிவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது முதல் நாளே மனைவியையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் எனக்கு வேறொரு வேலை. மாலை போட்டிருப்பவர்களை, கழற்றுவதற்கு முன்பே வந்து பார்க்கச் சொல்கிறேன். உடம்பு கேட்பது அநேகமாக அதற்குள் ஓய்ந்திருக்கும். கழற்றும் நாளில் அவர் இழக்கப் போவது அந்த மூடிய கதவையும் "சாமி" என்ற பேரையும். அவற்றுக்குப் பதில் எதை வைப்பது என்பதை அவரிடமே கேட்பேன். ஒருவர், மகள் கையால் மாலையைக் கழற்றிக்கொண்டு, "இது மட்டும் கழட்டாம இருக்கட்டும்" என்று புகை விரதத்தை அவளிடமே ஒப்படைத்தார். வேறொருவர் எங்கும் கைமாற்றாகப் பீடி வாங்குவதில்லை, கொடுப்பதுமில்லை என்று கிளீனரிடம் சொல்லிவைத்தார். நானாக யோசித்துச் சொல்லும் யோசனைகள் இந்த அளவுக்கு நிலைப்பதில்லை.

வழுக்கி விழுவதும் நடக்கும். அந்த டேங்கர் அண்ணன் மூன்று மாதம் போலப் பீடி இல்லாமல் இருந்தார். பிறகு கூட்டாளி ஒருவரின் சாவு வீட்டில், வெளியே பந்தலில் யாரோ நீட்டியதை வாங்கிவிட்டார். ஒரு பீடிதான். அதன்பின் நடந்ததே முக்கியம். "போச்சு, எல்லாம் போச்சு" என்று அன்று ராத்திரியே ஒரு கட்டு வாங்கினார். வழுக்கலை முழுத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் இந்த மனநிலையை அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக எழுதியிருக்கிறார். முதல் பீடியைவிட இந்த நினைப்புதான் ஆளை அதிகம் சாய்க்கிறது.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, "திரும்ப மொதல்ல இருந்தாங்க அம்மிணி?" என்றார். இல்லையென்றேன். எந்தெந்த இடத்தில் ஆசை வரும், எத்தனை நிமிடத்தில் தணியும், எந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அவருக்கு இப்போது தெரியும். தெரியாமலிருந்தது சாவு வீடு ஒன்றுதான். வேறொருவர் துக்கத்தில் நீட்டுவதை எப்படி மறுப்பது என்று அவரைவிட்டே சொல்ல வைத்தேன். "நெஞ்சுல தண்ணி கோத்திருக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லிப்போடறேன்" என்றார். பொய்தானே என்று அவரே தயங்கினார். "விட்டுட்டேன்னு சொன்னாப் போதுங்கண்ணா" என்றேன். நான் எடுக்காவிட்டால் கூப்பிட, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த லோடு கொச்சிக்கு. வாளையார் தாண்டி அவர் வழக்கமாக நிறுத்தும் கடைக்குப் பதிலாக எங்கே நிறுத்தலாம் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.